கணக்கில் வராத 133 ஜிபி: சி டிரைவில் இடம் எங்கே போகிறது?

நகல்கடை | திங்கள், இரவு 9:40

வணக்கம். பேருந்து நிலையம் அருகே சின்னதாக ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். கடையின் முக்கியமான கணினியில் 256 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ராம், விண்டோஸ் 10. பத்து நாளாக சி டிரைவ் சிவப்புக் கோட்டிலேயே நிற்கிறது.

சி டிரைவின் ப்ராபர்ட்டீஸில் மொத்தம் 237 ஜிபி, பயன்பாட்டில் 229, மீதி 8. சரி என்று டிரைவைத் திறந்து, உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டரையும் தேர்வு செய்து ப்ராபர்ட்டீஸ் பார்த்தால் 96 ஜிபிதான். இடையில் 133 ஜிபியைக் காணோம். கல்லாவில் காசு குறைந்தால்கூட யாரைக் கேட்பது என்று தெரியும், இதற்கு யாரைக் கேட்பது?

டிசைன் கோப்புகள் எல்லாம் டி டிரைவில், தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க் கிளீனப் ஓட்டினேன், 2 ஜிபி கிடைத்தது, மூன்று நாளில் அதுவும் போய்விட்டது. டெம்ப் ஃபோல்டர், ரீசைக்கிள் பின் எல்லாம் காலி. வைரஸ் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வழக்கமாக வரும் சர்வீஸ்காரர் ஃபார்மட் அடித்துவிடலாம் என்கிறார். பழைய தமிழ் ஃபான்ட்கள், பேஜ்மேக்கர், நான்கு பிரின்டர் செட்டிங் எல்லாவற்றையும் மறுபடி போட்டு எடுக்க இரண்டு நாள் கடையைச் சாத்த வேண்டும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.


உப்புக்காற்று | திங்கள், இரவு 9:52

சர்வீஸ்காரர் சொல்வதைக் கேளுங்கள் அண்ணா. ஃபார்மட் அடித்தால் மூன்று மணி நேரத்தில் முடியும். தேடித் தேடி ஒரு வாரம் போகும்.


தேன்மிட்டாய் | திங்கள், இரவு 10:05

சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ், இன்ஸ்டாலர் என்று இரண்டு ஃபோல்டர் இருக்கும். இரண்டும் சேர்ந்து எனக்கு 20 ஜிபிக்கு மேல் காட்டியது. அழித்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.


பழையஸ்பேனர் | திங்கள், இரவு 10:31

நகல்கடை சார், மேலே சொன்ன இரண்டு ஃபோல்டரிலும் தயவுசெய்து கை வைக்காதீர்கள். தேன்மிட்டாய் தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம், நானே பட்டவன். பல வருடம் முன்பு ஓர் அலுவலகத்தில் இடம் இல்லை என்றார்கள் என்று இன்ஸ்டாலர் ஃபோல்டரைத் துடைத்தேன். அன்று எல்லாம் நன்றாகவே ஓடியது. அடுத்த மாதம் ஒரு மென்பொருளுக்கு அப்டேட் வந்தது. அப்டேட்டும் ஏறவில்லை, பழையதை அன்இன்ஸ்டாலும் செய்ய முடியவில்லை. நிறுவிய மென்பொருள்களின் மூலப் பொதியை விண்டோஸ் அங்கேதான் வைத்திருக்கும். அது போனால் பழுது பார்க்கவும் நீக்கவும் வழி இல்லை.

வின்எஸ்எக்ஸ்எஸ் கதை வேறு. அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளுக்கான கிடங்கு. அதன் அளவே பாதி பொய். ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் பெயர் கொடுத்து வைக்கும் வசதி விண்டோஸில் உண்டு, ஹார்ட் லிங்க் என்பார்கள். கோப்பு வட்டில் ஒரு முறைதான் இருக்கும். எக்ஸ்ப்ளோரர் அதை சிஸ்டம்32-இலும் எண்ணும், வின்எஸ்எக்ஸ்எஸ்-இலும் எண்ணும். ஆக உங்கள் 96 ஜிபியிலேயே இரட்டை எண்ணிக்கை கொஞ்சம் இருக்கிறது. உண்மையில் காணாமல் போனது 133-ஐவிட அதிகம்.

உண்மையான கணக்கு டிரைவின் ப்ராபர்ட்டீஸில் வரும் 229. அது கோப்பு கோப்பாகக் கூட்டி வருவதில்லை. வட்டில் எந்தத் துண்டு நிரம்பியது, எது காலி என்று என்டிஎஃப்எஸ், அதாவது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் விண்டோஸின் முறை, தானே வைத்திருக்கும் குறிப்பிலிருந்து வருகிறது. நம்பலாம்.

முதலில் இதைச் செய்யுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் போய் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கொஞ்சம் கீழே, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை என்ற டிக் தனியாக இருக்கும், அதையும் எடுத்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். அப்புறம், அந்தக் கணினியில் வேறு யாருக்காவது லாகின் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.


நகல்கடை | செவ்வாய், காலை 8:15

செய்தேன் சார். சி டிரைவின் வாசலிலேயே இரண்டு பெரிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹைபர்ஃபில் என்று ஒன்று 6.4 ஜிபி, பேஜ்ஃபைல் என்று ஒன்று 9 ஜிபி. மொத்தம் இப்போது 112 ஜிபி வருகிறது. இன்னும் 117 இடிக்கிறது.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்று ஒரு ஃபோல்டர் புதிதாகத் தெரிகிறது. திறந்தால் அனுமதி இல்லை என்கிறது, அளவு 0. இன்னொரு லாகின் உண்டு. முன்பு வேலை பார்த்த தம்பியுடையது, ஆறு மாதம் முன்பு வெளியூர் போய்விட்டான்.


சின்னவெங்காயம் | செவ்வாய், காலை 9:02

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நான் 1 டிபி டிஸ்க் வாங்கினேன், கணினியில் 931 ஜிபிதான் காட்டுகிறது. புத்தம் புது டிஸ்க், உள்ளே ஒரு கோப்பும் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?


கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 9:20

இல்லை. டிஸ்க் செய்கிறவர்களுக்கு 1 டிபி என்பது 1,00,000 கோடி பைட். அவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1024 ஆக எண்ணிவிட்டு அதற்கும் ஜிபி என்றே பெயர் போடுகிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும். நகல்கடை அண்ணனின் 256 ஜிபி இதே கணக்கில் 238 ஆகும். தொடக்கத்துக்கும் மீட்புக்கும் சிறு பிரிவுகள் போக 237. ஆக, அவருடைய 133-இல் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.

சின்னவெங்காயம், இதற்கு மேல் பேச வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள்.


பழையஸ்பேனர் | செவ்வாய், காலை 11:48

நகல்கடை சார், அந்த 0-தான் நாம் தேடும் முடிச்சு.

வீட்டு வரிக்கு அளவெடுக்க ஓர் ஆள் வருகிறார் என்று வையுங்கள். பூட்டிய அறைகளை எல்லாம் சைபர் சதுர அடி என்று எழுதிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? எக்ஸ்ப்ளோரர் செய்வது அதேதான். தனக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர் வந்தால் பிழை என்று சொல்வதில்லை, கத்துவதில்லை, சத்தமில்லாமல் 0 என்று வைத்துக் கூட்டிவிடும். மறைந்த கோப்பு வேறு, பூட்டிய கோப்பு வேறு. டிக் எடுத்தால் மறைந்தது தெரியும், பூட்டியது அப்போதும் கணக்கில் வராது.

நான் அட்மின் லாகின்தானே என்று கேட்பீர்கள். நீங்கள் அட்மின்தான், ஆனால் உங்கள் எக்ஸ்ப்ளோரர் அட்மின் இல்லை. விஸ்டாவிலிருந்து இப்படித்தான். அட்மினாக நுழைந்தாலும் நிரல்கள் சாதாரண ஆளாகவே ஓடும், நீங்கள் தனியாக அனுமதி கொடுத்தால்தான் உயரும்.

அதனால் வின்டர்ஸ்டாட் அல்லது விஸ்ட்ரீ இறக்கிக்கொள்ளுங்கள், எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று படமாகக் காட்டும் நிரல்கள். ரைட் கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு என்பதைக் கொடுத்துத் திறக்க வேண்டும். பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்யாமல் திறந்துவிட்டு, இதிலும் ஒன்றும் தெரியவில்லை என்று வந்து நிற்பார்கள். இரண்டில் விஸ்ட்ரீ வேகம். ஃபோல்டர் ஃபோல்டராக ஏறி இறங்காமல், டிரைவின் கோப்பு அட்டவணையை அப்படியே படித்துவிடும், சில நொடிதான். ஆனால் வீட்டு உபயோகத்துக்குத்தான் இலவசம், கடைக்கு உரிமம் வேண்டும். நீங்கள் வியாபாரம் செய்கிறவர், வின்டர்ஸ்டாட் கட்டற்ற மென்பொருள், அதையே போடுங்கள். கொஞ்சம் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. அனுமதி இல்லை என்ற பெட்டி வந்ததும் கன்டினியூ என்று அழுத்தப் பார்ப்பீர்கள், வேண்டாம். அது ஒரு தடவை எட்டிப் பார்க்க விடுவதில்லை, அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயரை நிரந்தரமாகச் சேர்த்துவிடும்.

என் ஊகம்: பாதி சிஸ்டம் ரீஸ்டோர், பாதி அந்தத் தம்பியின் லாகின். கணினி கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் நகல்தான் ரீஸ்டோர், சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷனில் இருக்கும்.


உப்புக்காற்று | செவ்வாய், பகல் 12:10

இதற்குள் ஃபார்மட்டே முடிந்திருக்கும் 🙂


நகல்கடை | செவ்வாய், இரவு 10:02

கடை சாத்திவிட்டு ஓட்டினேன். சார் ஊகம் ஓரளவுக்குத்தான் சரி. சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் 12 ஜிபி. தம்பியின் லாகின் 14 ஜிபி. ஆனால் எல்லாவற்றையும் விழுங்கும் பெரிய நீலக் கட்டம் ஒன்று பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரின்டர்ஸ். 88 ஜிபி! உள்ளே 12,800 கோப்புகளுக்கு மேல். எல்லாம் எண்ணாகப் பெயர் வைத்த எஸ்பிஎல், எஸ்எச்டி கோப்புகள். மிகப் பழையது ஒன்றரை வருடத்துக்கு முந்தையது.

இது என்ன சார்?


பழையஸ்பேனர் | செவ்வாய், இரவு 10:19

அடடா! ஜெராக்ஸ் கடை என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தீர்கள். முதலில் அங்கே பார்த்திருக்க வேண்டியவன் நான்தான்.

நீங்கள் பிரின்ட் கொடுத்ததும் தாள் நேராக பிரின்டருக்குப் போவதில்லை. விண்டோஸ் முதலில் அதை இந்த ஃபோல்டரில் கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளும், பிறகு பிரின்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும். எஸ்பிஎல் கோப்பில் பக்கம் இருக்கும். எஸ்எச்டி கோப்பு அதற்கான சீட்டு: யார் கொடுத்தது, ஆவணத்தின் பெயர் என்ன, எந்த பிரின்டர். அச்சாகி முடிந்ததும் இரண்டையும் விண்டோஸே அழித்துவிட வேண்டும். உங்களிடம் ஒன்றரை வருடமாக அழிக்கவில்லை என்றால், அழிக்காதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பிரின்டர் ப்ராபர்ட்டீஸ் திறந்து அட்வான்ஸ்ட் தாவலில் பாருங்கள். அச்சிட்ட ஆவணங்களை வைத்திரு, கீப் பிரின்டட் டாக்குமென்ட்ஸ், என்ற இடத்தில் டிக் இருக்கிறதா?

12,800 கோப்பு என்றால் 6,400 வேலை. 88 ஜிபியை வகுத்தால் வேலைக்கு சுமார் 14 எம்பி. கலர் படம் அச்சிடும் கடைக்கு இது சாதாரணம். 300 கேபி பிடிஎஃப் கூட ஸ்பூலுக்குள் போகும்போது படமாக விரிந்து பல மடங்காகும். டிஸ்க் கிளீனப் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது.


நகல்கடை | செவ்வாய், இரவு 10:40

டிக் இருக்கிறது சார். கலர் லேசர் பிரின்டர் ஒன்றில் மட்டும்.

இப்போதுதான் புரிகிறது. அந்த பிரின்டரின் கியூவைத் திறந்தால் எப்போதும் நீளமான பட்டியல் இருக்கும். செல்போனில் கால் ஹிஸ்டரி மாதிரி, நாம் அச்சிட்டதன் வெறும் பெயர்ப் பட்டியல் என்று நினைத்திருந்தேன். தம்பிதான் அதைப் போட்டிருப்பான். ஹால் டிக்கெட் எடுத்துவிட்டுப் போனவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, அண்ணே இன்னொன்று என்பார்கள். அவன் பிடிஎஃப்பைத் தேடாமல் பட்டியலில் ஒரு ரைட் கிளிக்கில் மறுபடி எடுத்துக் கொடுப்பான். கெட்டிக்காரன் என்று நானே பாராட்டியிருக்கிறேன்.

காலையில் கணினி போட்டதும் பிரின்டர்கள் தெரிய நாலைந்து நிமிடம் ஆகும். பிரின்டருக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன்.


பழையஸ்பேனர் | செவ்வாய், இரவு 10:47

பிரின்டர் மேல் தப்பில்லை. அச்சு வேலைகளை வரிசையில் வைத்து ஊட்டும் ஸ்பூலர் சர்வீஸ் எழும்போது அந்த 6,400 சீட்டையும் படித்துப் பட்டியல் போட்டுவிட்டுத்தான் வேலைக்கு வரும்.


கருவேப்பிலை | புதன், காலை 7:30

அண்ணா, இடத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, இதுவரை யாரும் சொல்லவில்லை. அந்த 6,400-இல் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆதார், பான் அட்டை, வங்கி பாஸ்புக் முதல் பக்கம், பட்டா, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் சான்று. வாட்ஸ்அப்பில் அனுப்பி, எடுத்ததும் அழித்துவிடுங்கள் அண்ணே என்று கேட்டுப் போகிறோம். நீங்களும் கண்ணெதிரே அழித்துக் காட்டுகிறீர்கள். அழிந்தது டவுன்லோட்ஸில் இருந்த நகல். ஸ்பூலில் இருந்த நகலை நீங்களே பார்த்ததில்லை.

எஸ்பிஎல் கோப்பைத் திறந்து பக்கமாகக் காட்டும் வியூவர்கள் உண்டு. ஆகவே இதை அழிக்காமல் அந்தக் கணினியை சர்வீஸுக்குத் தராதீர்கள். ஃபார்மட் அடிக்கட்டும் என்று கொடுத்திருந்தால், பேக்கப் எடுக்கிறேன் பேர்வழி என்று முழு டிரைவும் யாருடைய ஹார்ட் டிஸ்க்கிலாவது போய் உட்கார்ந்திருக்கும்.


உப்புக்காற்று | புதன், காலை 7:55

இதற்கு மறுப்பு இல்லை அக்கா. ஃபார்மட் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஃபார்மட் அடித்திருந்தாலும் அந்த டிக்கின் கதை யாருக்கும் தெரிந்திருக்காது. வேறு யாராவது மறுபடி போட்டிருப்பார்கள்.


பழையஸ்பேனர் | புதன், காலை 9:10

கருவேப்பிலை அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. அழிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் டிக்கை எடுத்து அப்ளை கொடுங்கள். இல்லையென்றால் நாளைக்கே மறுபடி சேரத் தொடங்கும். நான்கு பிரின்டரிலும் பார்த்துவிடுங்கள். அடுத்து சர்வீசஸ் சாளரத்தில் பிரின்ட் ஸ்பூலர் என்பதை நிறுத்துங்கள். ஓடும்போது அழித்தால் சில கோப்புகளை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும். நின்றதும் பிரின்டர்ஸ் ஃபோல்டரின் உள்ளே இருப்பதை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை வைத்துவிடுங்கள். கன்டினியூ அழுத்தாதீர்கள் என்று நேற்று சொன்னேன், இங்கே வேறு வழியில்லை, அழுத்தலாம். ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு டிலீட். ரீசைக்கிள் பின்னுக்குப் போனால் இடமும் வராது, ஆவணமும் போகாது. முடிந்ததும் ஸ்பூலரைத் தொடங்குங்கள்.

பக்கத்தில் டிரைவர்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அது பிரின்டர் டிரைவர்கள் இருக்கும் இடம், தொடக்கூடாது.

அழித்ததை மீட்க முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். எஸ்எஸ்டிக்கு விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையை அனுப்பும், காலியான இடத்தை எஸ்எஸ்டியே துடைத்துவிடும், பொதுவாக மீட்பது கடினம். இதே சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் மேலே வேறு எழுதும்வரை பழைய தடம் அப்படியே கிடக்கும்.


முனையவாசி | புதன், காலை 10:36

லினக்ஸ் பக்கத்திலிருந்து ஓர் எட்டு. எங்கள் சர்வரில் இதே நோய், தலைகீழாக வந்தது. டிரைவ் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை டிஸ்க் 100 சதவீதம் என்றது. ரூட்டாக, அதாவது எல்லா அனுமதியும் உள்ள லினக்ஸ் அட்மினாக, கோப்பு கோப்பாகக் கூட்டும் டியூ கட்டளையை ஓட்டினால் பாதிகூட வரவில்லை. பூட்டிய அறை என்று சொல்ல முடியாது, ரூட்டுக்கு ஏது பூட்டு?

நண்பர் ஒருவர் பெரிய லாக் கோப்பை முந்தின நாள் அழித்திருந்தார். அந்த லாகில் எழுதிக்கொண்டிருந்த நிரல் அதை மூடவில்லை. லினக்ஸில் பெயர் போனாலும், திறந்து வைத்திருக்கும் நிரல் விடும்வரை கோப்பு வட்டில் இருக்கும். பெயர் இல்லாததால் டியூ கண்ணில் படாது. இடம் பிடித்திருப்பதால் டிஎஃப் எண்ணும். திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு பல்லைக் காட்டியது. நிரலை ரீஸ்டார்ட் செய்ததும் இடம் திரும்பி வந்தது.

அப்புறம் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸில் என்டிஎஃப்எஸ் மாதிரி) பிரிவு என்றால் வழக்கமாக 5 சதவீதம் ரூட்டுக்கென ஒதுக்கி வைக்கப்படும். பெரிய டிஸ்க்கில் அதுவே கணிசம்.


நகல்கடை | புதன், இரவு 9:50

முடித்துவிட்டேன். அழிக்க மட்டும் 20 நிமிடம் ஆனது. சி டிரைவில் இப்போது 96 ஜிபி காலி. பத்து நாளுக்கு மேலாகப் பார்க்காத நீலக் கோடு! பிரின்டர்கள் உடனே வருகின்றன.

சிஸ்டம் ரீஸ்டோரின் 12 ஜிபியை என்ன செய்வது? ஹைபர்ஃபில்லையும் எடுத்துவிடலாமா?


தேன்மிட்டாய் | புதன், இரவு 10:04

ஹைபர்னேட், அதாவது ராமில் இருப்பதை அந்த ஹைபர்ஃபில் கோப்பில் எழுதிவிட்டு அணையும் வசதி, அதை நிறுத்தினால் அந்தக் கோப்பு தானாகப் போய்விடும் அண்ணா. அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளைக்கு ஹைபர்னேட் ஆஃப் கொடுக்க வேண்டும். இதை வீடியோவில் பார்த்துச் சொல்லவில்லை, நானே செய்திருக்கிறேன்!


பழையஸ்பேனர் | புதன், இரவு 10:22

தம்பி சொன்னது சரிதான். கோப்பை நேரடியாக அழிக்கப் பார்க்காமல் அப்படித்தான் செய்ய வேண்டும். ராமில் 40 சதவீதம் என்பது விண்டோஸ் 10-இன் வழக்கமான அளவு, உங்கள் 16-க்கு 6.4 சரியாக வருகிறது. ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அந்தக் கோப்பை நம்பித்தான் இருக்கிறது, அதுவும் போய்விடும். எஸ்எஸ்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. 96 ஜிபி காலியாக வைத்துக்கொண்டு 6-க்கு ஏன் ஆசைப்படுகிறீர்கள் என்பது என் எண்ணம். பேஜ்ஃபைலைத் தொடாதீர்கள். ஃபோட்டோஷாப் திறந்த நேரம் ராம் போதாமல் போனால் அதுதான் தாங்கும்.

ரீஸ்டோரும் இருக்கட்டும். சிஸ்டம் ப்ரொடெக்ஷனில் கான்ஃபிகர் கொடுத்தால் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டும், இழுத்துக் குறைக்க ஒரு கோலும் இருக்கும். உங்கள் 12 ஜிபி டிரைவில் 5 சதவீதம், நியாயமான அளவு. நான்கு பிரின்டர் டிரைவர் வைத்திருக்கும் கடைக்கு ஒருநாள் அது கைகொடுக்கும்.


கணக்குப்பிள்ளை | புதன், இரவு 10:41

பழக்கதோஷம், கூட்டிப் பார்த்தேன். 112, 88, 14, 12 சேர்ந்தால் 226. டிரைவ் சொன்னது 229. மீதி 3 எங்கே?


பழையஸ்பேனர் | புதன், இரவு 10:50

கோப்பு அட்டவணை, மாற்றக் குறிப்பேடு என்று என்டிஎஃப்எஸ் தன் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொள்வதும் இருக்கிறது, வேறு சில பூட்டிய ஃபோல்டர்களும் உண்டு. வின்எஸ்எக்ஸ்எஸ் இரட்டைக் கணக்கைக் கழித்தால் 3 என்பது இன்னும் கூடும். கடைசி பைட் வரை நேராக வராது, வரவும் வேண்டாம். பிள்ளைவாள் இன்றிரவு தூங்கலாம்.


கருவேப்பிலை | வியாழன், காலை 8:05

அந்தத் தம்பியின் 14 ஜிபி என்ன ஆனது?


நகல்கடை | வியாழன், இரவு 9:35

அவனுக்கு போன் போட்டேன். அக்கா கல்யாண வீடியோ, அங்கே தவிர வேறெங்கும் நகல் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை ஹார்ட் டிஸ்க்கோடு வருகிறேன், அதுவரை தொடாதீர்கள் அண்ணே என்று கெஞ்சினான். நல்லவேளை, பாஸ்வேர்ட் தெரியாததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. டிக் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இப்போது வேலை பார்க்கும் கடையிலும் போட்டு வைத்திருக்கிறானாம், இன்றைக்கே எடுத்துவிடுகிறேன் என்றான்.

இன்று மதியம் வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், போன மாதம் எடுத்த பட்டா நகல் இன்னொன்று வேண்டும், அந்தத் தம்பி பட்டென்று எடுத்துக் கொடுப்பானே என்றார். அழித்துவிட்டேன் ஐயா என்றேன். அசலை எடுத்து வர வீட்டுக்குப் போயிருக்கிறார்.